தொரை வருகிறார் என்று நான் துடைத்த டிஸ்க்

பத்து நிமிடம் வந்து பேசிவிட்டுப் போங்கள் டீச்சர் என்று ஆபீசிலிருந்து அழைத்தார்கள். புதிதாக ஐந்து பேர் சேர்ந்திருக்கிறீர்களாம். பத்து நிமிடத்தில் எனக்கு வகுப்பில் வருகை எடுக்கக்கூட முடியாது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் இருபது வருடம் ஹல்துமுல்லைப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். நாற்பது நிமிடப் பாடம் உடம்பில் ஊறிக் கிடக்கிறது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள், எனக்குத் தெரியப்போவதில்லை.

முதலில், வீட்டில் "என்னா வேல?" என்று கேட்டால் நீங்கள் திணறுவீர்களே, அதைச் சரிசெய்துவிடுவோம். ஒரு பெரிய கணினிக்குள் ஒரு புரோகிராம் உட்கார்ந்துகொண்டு, தான்தான் இன்னொரு முழுக் கணினி என்று நடிக்கிறது. அதற்கு எமுலேட்டர் என்று பெயர். அந்த உள் கணினிக்கு டிஸ்க் உண்டு, நெட்வொர்க் கார்டு உண்டு. ஒன்றையும் கையால் தொட முடியாது, எல்லாமே நடிப்பு. இப்படிப்பட்ட உள் கணினிகளை வரிசையாக வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள் வைத்த நம் லயத்துக் காம்பராக்கள் மாதிரிதான். ஒரு காம்பராக்காரன் சுவரில் ஓட்டை போட்டு அடுத்த காம்பராவுக்குள் தலையை நீட்டக் கூடாது. அந்த ஓட்டை அநேகமாக இந்த நடிப்புச் சாதனங்களில்தான் இருக்கும். அவற்றின்மேல் கண்ட கண்ட குப்பையை எறிந்து, எது எப்போது செயலிழந்து விழுகிறது என்று பார்ப்பதுதான் ஃபஸ்ஸிங். மரியாதையில்லாமல் நடந்துகொள்வதற்குச் சம்பளம் தருகிற ஒரே வேலை இது. "மெசினுக்குக் குப்ப போடுறேன்" என்று எங்கள் அண்ணனிடம் சொன்னேன். அவர் "பென்சன் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது நம் ஆபீஸ் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மூன்றே பேர். நான், மோகன், யோகராணி. மோகன் பசறையிலிருந்து வருவான். அவன் வாழ்க்கையில் நடந்த எல்லாத் தவறுக்கும் பசறை பஸ்தான் காரணம். யோகராணி கொஸ்லந்தையில் பிறந்து, பதுளைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கல்யாணம் கட்டி வந்தவள். புருஷனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வயது மகனைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு வருவாள். ஆமாம், இன்று உங்களை மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறாளே, அதே யோகராணிதான். அன்று அவளுக்குக் கண்ணாடியும் இல்லை, பதவியும் இல்லை.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன்னுடைய எமுலேட்டரில் உள்ள நெட்வொர்க் கார்டைச் சோதித்துத் தரச் சொல்லி எங்களிடம் கொடுத்திருந்தது. ஆறு மாதத் தவணை. கொழும்பிலிருந்த எங்கள் மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆறு மாதத்தில் ஒரு பிழைகூடப் பிடிக்காவிட்டால் பதுளை மாடி மூடப்படும், வரக்கூடியவர்கள் கொழும்புக்கு வரலாம், வர முடியாதவர்களுக்கு வாழ்த்துகள். நான் தனி ஆள், போய்விடலாம். மோகனும் போய்விடுவான், அங்கே பசறை பஸ் கிடையாது. யோகராணி மட்டும் புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு எங்கே போவாள்? தோட்டத்திலிருந்துகொண்டே படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். அந்தப் பட்டத்துக்கு உள்ளூரில் கிடைத்த வேலை இது ஒன்றுதான். இது போனால் அவள் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

ஐந்து மாதம் எறிந்தோம். கார்டு அசையவில்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை யோகராணி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து கத்தினாள்.

"டீச்சர்! விழுந்துருச்சு! டீச்சர், விழுந்துருச்சு!"

கீழே ஹார்ட்வெயார் கடைக்காரர் பதறியடித்து ஏறி வந்து, "யாரு விழுந்தது?" என்று கேட்டார். கார்டு என்றோம். நன்றாக அடிபட்டதா என்று விசாரித்துவிட்டு இறங்கிப் போனார்.

சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. விழவைத்த அதே குப்பையை மறுபடி எறிந்தால் கார்டு விழ மாட்டேன் என்றது. பத்துத் தடவை எறிந்தோம், பத்துத் தடவையும் சிரித்துக்கொண்டு நின்றது. யோகராணிதான் காரணத்தைச் சொன்னாள். எங்கள் சோதனை ஒன்றன்பின் ஒன்றாக எறிந்துகொண்டே போகும், நடுவில் உள் கணினியை முதல் நிலைக்குக் கொண்டுவராது. அதற்கு முன் எறிந்த ஆயிரம் குப்பைகளில் ஏதோ சில உள்ளே தங்கி, கடைசிக் குப்பையோடு சேர்ந்து கார்டைக் கவிழ்த்திருக்கின்றன. எவை என்று தெரிய வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை எறிந்த மொத்தத்தையும் வரிசை மாறாமல் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துப் பார்க்க வேண்டும். அவள் மொத்தத்தையும் ஒரு ஃபோல்டரில் சேமித்து, அதற்கு நகலும் எடுத்து, புதன்கிழமை லீவு போட்டாள். பிள்ளைக்குத் தடுப்பூசி.

இனித்தான் என் கதை வருகிறது. நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது.

புதன்கிழமை காலை மேலாளர் அழைத்தார். கம்பெனியிலிருந்து ஒரு எஞ்சினியர் நேரில் வருகிறாராம், நாளைக்குப் பின்னேரம் பதுளையில் இருப்பாராம். உங்களுக்கு இது வெறும் தகவல். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்ட நிர்வாகியான பெரிய தொரை வருகிறார் என்றால் எங்கள் தோட்டத்தில் என்ன நடக்கும் தெரியுமா? ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். வடிகானில் கிடக்கிற சருகை அள்ளுவார்கள். லயத்துக் கொடியில் காய்கிற துணியைக்கூட உள்ளே எடுக்கச் சொல்வார்கள். தொரை ஜீப்பில் ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடுவார். ஆனாலும் அடிப்போம். அந்த ஊரில் வளர்ந்த என் கை சும்மா இருக்குமா?

மாடியைக் கழுவினேன். மேசைக்கு விரிப்பு வாங்கினேன். கறுத்துப்போன தேநீர்க் கேத்தலை அலுமாரிக்குள் ஒளித்தேன். மோகனை ஜன்னல் துடைக்க ஏற்றினேன். அவன் "தொரைக்கு மால வாங்கணுமா டீச்சர்?" என்று கேட்டான், வாங்கு என்றேன். எல்லாம் முடிந்தது. அப்புறம் என் கண் சோதனைக் கணினியில் விழுந்தது. டிஸ்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பழைய சோதனை ஓட்டம், அதற்கு முந்திய ஓட்டம், என்னவென்றே தெரியாத பெயர்கள். தொரை வந்து திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்? மூத்தவள் நான், எனக்குத்தானே எல்லாம் தெரியும். பழைய ஓட்டங்கள் இருந்த இடத்தை முழுசாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்தேன். செவ்வாய்க்கிழமையும் அதற்குள்தான் இருந்தது. நகலா? இருந்தது. அதே டிஸ்கில், அடுத்த ஃபோல்டரில். ஒரே சாமான் இரண்டு இடத்தில் கிடப்பது பார்க்க அசிங்கமாக இருந்தது, அதையும் அழித்தேன்.

வியாழக்கிழமை காலை யோகராணி வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், செவ்வாக்கெழம ஓட்டுனது எங்க? ஃபோல்டரையே காணோமே."

"பழசையெல்லாம் எடுத்துட்டேன் பிள்ள. டிஸ்க் நெறஞ்சு கெடந்துச்சு. வர்றவரு பாத்தா நல்லாவா இருக்கும்?"

"நகலு?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மாதாவே!

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "அய்யோ டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை திரையில் கண்டதில் அவள் கையால் குறித்துக்கொண்ட இரண்டே வரி. அதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வகுப்பில் எத்தனை பிள்ளைகளை "ஏன் கொப்பியக் கொண்டு வரல?" என்று வெளியே நிறுத்தியிருப்பேன்!

மேலாளருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் தணிந்த குரலில் பேசினார்.

"டீச்சர், விழுந்ததப் பத்தி வாயே தெறக்காதீங்க. காட்ட ஏலாத பிழ, பிழையே இல்ல. அஞ்சு மாசம் அடிச்சுப் பாத்தோம், கார்டு நல்ல கார்டுன்னு சொல்லி அனுப்புங்க. அழிச்சிட்டோம்னு சொன்னீங்கன்னா இன்னைக்கே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க. சொல்லாம இருந்தா உங்களுக்கும் மோகனுக்கும் கொழும்புல ஒரு மேச நான் பாத்துத் தாறேன்."

"யோகராணிக்கு?"

"அவங்க வர மாட்டாங்கதானே."

போனை வைத்தேன். இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு பகல் வரும். அப்போது டெக்னிக் ஒன்றும் உதவாது. வாயைத் திறப்பதா மூடுவதா, அது ஒன்றுதான் கேள்வி. எனக்கு மூடிக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

இரண்டு மணிக்கு வந்தது தொரை அல்ல. முதுகில் பெரிய பையோடு, சப்பாத்து நிறையச் சேற்றோடு, ஒரு சின்னப் பெண். பஸ் ஸ்டாண்டில் ரொட்டியும் உறைப்பான கட்டச் சம்பலும் தின்றுவிட்டு, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய வந்து நின்றாள். மோகன் பசறையிலிருந்து கொண்டுவந்த மாலை ஓர் ஆறடி ஆளுக்குக் கட்டியது. அவளுக்குப் போட்டதும் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவள் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பெயரைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் பெயர் வேண்டாம். பேசியது ஆங்கிலம், நம் பேச்சில் தருகிறேன்.

"எப்படிப் போகிறது?" என்று கேட்டாள்.

நான் விரிப்பைப் பார்த்தேன். பளபளக்கும் ஜன்னலைப் பார்த்தேன். யோகராணியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து அந்தத் துண்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து மடித்துத் தபால் தலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை உங்கள் கார்டு விழுந்தது. யோகராணி பிடித்தாள். நீங்கள் வருகிறீர்கள் என்று நான் டிஸ்கைத் துடைத்தேன். அத்தாட்சி முழுவதையும் அழித்தவள் நான். நகலையும் சேர்த்து."

சொல்லிவிட்டேன். மோகன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

அந்தப் பெண் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். "நான் வருகிறேன் என்றா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இனி எங்கேயும் சொல்லாமல்தான் போக வேண்டும்" என்றாள். அப்புறம் யோகராணி பக்கம் திரும்பி, காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

அவள் விரித்துக் காட்டினாள். விழுந்த நேரத்தில் கார்டு நினைவகத்தில் ஏதோ ஓர் இடத்தை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இடத்தில் நாங்கள் ஒருநாளும் எதையும் எழுதி வைத்ததில்லை.

"நீங்கள் எப்படி எறிகிறீர்கள்?"

இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நான் விளக்கினேன். அந்த முறையை எழுதியவள் நான்தானே. முதலில் நினைவகத்தில் ஓர் இடம் பார்த்து, தரவை ஒழுங்காக அடுக்கி வைப்போம். அப்புறம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று கார்டுக்குச் சொல்வோம். அப்புறம், தயாரா என்று கேட்போம். தயார் என்று அது சொல்லும்வரை காத்திருப்போம். சொன்ன பிறகுதான் அனுப்புவோம்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இவ்வளவு மரியாதையாக யாரும் என் கார்டைத் தாக்கியதில்லை" என்றாள்.

மோகன் வெடித்துச் சிரித்துவிட்டான். எனக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது, அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்து ஆபீஸ் ஜன்னல். சின்ன வயதில் அப்பாவோடு போய் நிற்போம். உள்ளே கிளாக்கர் தலையைத் தூக்கிப் பார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இருமக்கூடக் கூடாது. அதே ஜன்னலை அப்படியே கொண்டுவந்து புரோகிராமில் வைத்திருக்கிறேன். ஐந்து மாதமாக எங்கள் சோதனை கைகட்டி நின்று, "தொரைங்களே, போடலாமுங்களா?" என்று கேட்டுக் கேட்டுக் குப்பை போட்டிருக்கிறது. திருடன் ஜன்னலில் நின்று கேட்டுவிட்டா வருவான்?

"காத்திருப்பதை எடுத்துவிடலாம்" என்றேன். "ஆனால் அது நினைவகத்தில் எங்கே வாசிக்கும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? இடமோ கடல் மாதிரி."

அப்போதுதான் யோகராணி பேசினாள். என்னைப் பார்த்து, நம் பேச்சில்.

"டீச்சர், எம் மகன் இருக்கான்ல, தட்டுல சோத்தப் போட்டு முன்னால வச்சா திங்கவே மாட்டான். பிள்ளக்காம்பராவுல கேட்டுப் பாருங்க. அவன் கை எங்க நீளுதோ அங்க என்னா கெடக்கோ அதத்தான் வாயில போடுவான். இந்தக் கார்டும் அப்படித்தான். நாம எதுக்கு முன்னாடியே எடம் பாத்து வைக்கணும்? அது எங்க கை நீட்டுதுன்னு பாத்துக்கிட்டே இருப்போம். நீட்டுன அந்த நிமிசத்துல, அந்த எடத்துலயே, குப்பைய வச்சுருவோம்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வந்தவள் எழுந்தே நின்றுவிட்டாள். "எமுலேட்டர் நம் கையில்தானே இருக்கிறது. வாசிக்கிற ஒவ்வொரு தடவையும் அதை இடைமறிக்கலாம்" என்றாள். அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் ஒரே திரையில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். என்னைத் தேநீர் போட அனுப்பினார்கள். கறுத்த கேத்தலை அலுமாரியிலிருந்து வெளியே எடுத்தேன்.

தேநீர் கொதிக்கும்போது எனக்கும் ஒன்று தோன்றியது. வகுப்பில் ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் கரும்பலகையைத் துடைப்பேன். பழைய கணக்கின் மிச்சம் கிடந்தால் பிள்ளைகள் அதையும் சேர்த்துக் கூட்டிவிடுவார்கள். இங்கேயும் ஒவ்வொரு தடவை எறிவதற்கு முன்னாலும் உள் கணினியைத் துடைத்து, எப்போதும் ஒரே தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தால்? விழுந்தால் எதனால் விழுந்தது என்று தெரிந்துவிடும், மறுபடியும் விழவைக்கலாம். ஓடிப்போய்ச் சொன்னேன்.

யோகராணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தொடைக்க வேண்டியது அத டீச்சர். நீங்க தொடச்சது வேற" என்றாள். அந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசிய ஒரே கோப வார்த்தை அதுதான். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுச் சோதனையை ஓடவிட்டோம். மூன்று மணியானது. மூன்றரை ஆனது. அந்தப் பெண்ணுக்கு மறுநாள் காலை ரயில். மழை வேறு கொட்டத் தொடங்கியது. மோகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "டீச்சர், பசறை பஸ்..." என்று ஆரம்பித்தான். கார்டு விழுந்தது.

யாரும் கத்தவில்லை. போன தடவை பட்டது போதும். யோகராணி அதே குப்பையை மறுபடி எறிந்தாள். விழுந்தது. இன்னொரு தடவை எறிந்தாள், விழுந்தது. மூன்றாவது தடவை அந்தப் பெண் எறிந்தாள். தன்னுடைய கார்டு கண்ணெதிரே பொத்தென்று விழுவதைப் பார்த்து அவள் கைதட்டினாள். அப்புறம்தான் கத்தினோம். கடைக்காரர் கீழேயிருந்தே, "மறுபடியும் அதேதானா?" என்று குரல் கொடுத்தார். மோகன் பஸ்ஸைத் தவறவிட்டான், அதைப் பற்றி இன்றுவரை குறை சொன்னதில்லை.

சரியான ஓட்டை அது, யோகராணி காகிதத்தில் குறித்திருந்த அதே பிழை. உள்ளே இருக்கிற குடித்தனக்காரன் அதன் வழியாக வெளியே வந்து மற்ற எல்லாக் காம்பராவையும் திறந்திருக்கலாம். கார்டு நல்ல கார்டு என்று சொல்லி அனுப்பியிருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

அறிக்கை எழுதும்போது மேலாளர் போனில் வந்தார். குரலில் தேன் வடிந்தது. மூத்தவர் என்ற முறையில் என் பெயரைப் போடலாமே என்றார். கண்டுபிடித்தவர்: யோகராணி என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "இதே பிழை செவ்வாய்க்கிழமையே முதலில் காணப்பட்டது. அந்தப் பதிவை அழித்தவள் நான்." கீழே என் கையெழுத்து. அந்தப் பெண் வாசித்துவிட்டு, இந்த வரி அவசியமா என்று கேட்டாள். அவசியம் என்றேன்.

மாடி மூடப்படவில்லை. அதனால்தான் இன்று நீங்கள் நம் ஆபீசில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறீர்கள். அந்தத் திங்கட்கிழமை யோகராணி ஒரே ஒரு காரியம் செய்தாள். சோதனைக் கணினியில் எதையும் அழிக்கும் அனுமதியை என்னிடமிருந்து எடுத்துவிட்டாள். ஒரு கோப்பின் பெயரைத் தப்பாக அடித்தால்கூட, "யோகா, இத அழிச்சுக் குடு பிள்ள" என்று நான் போய் நிற்க வேண்டும். பிறகு அவள் பொறுப்புக்கு வந்தாள், ஆட்கள் கூடினார்கள், நம் முறையை மற்றக் கார்டுகளுக்கும் விரித்தோம். அனுமதி மட்டும் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டினார்கள், சேலை கொடுத்தார்கள், மோகன் மறுபடியும் ஆறடி மாலை கொண்டுவந்தான். எல்லோரும் கலைந்த பிறகு யோகராணி என்னைச் சோதனைக் கணினி முன்னால் உட்காரவைத்தாள்.

"இந்தாங்க டீச்சர், அனுமதியத் திருப்பிக் குடுத்துட்டேன். அந்த அறிக்க நம்ம சேமிப்புலதான் இருக்கு. கடைசி வரிய வேணும்னா எடுத்துருங்க. இத்தன வருசமாச்சு, யாருக்கும் தெரியப்போறதில்ல."

சொல்லிவிட்டு, கேக் தட்டுகளைக் கழுவ அவள் போய்விட்டாள். என்னைத் தனியாக விட்டுவிட்டு! அவ்வளவு பெரிய மரியாதையை எனக்கு வேறு யாரும் செய்ததில்லை. கண் கலங்கித் திரை தெரியவில்லை. டிஸ்க் வேறு நிரம்பி வழிந்தது, கை அரித்தது, அது என் பிறவிக்குணம். அறிக்கையைத் திறந்தேன். கடைசி வரியை வாசித்தேன். மூடிவிட்டு, கேக் தட்டுகளைத் துடைக்கப் போனேன்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஓர் அறிக்கையைக் கொடுத்து, கடைசி வரிவரைக்கும் வாசி என்று உங்களிடம் சொல்லியிருப்பார்களே. அந்தக் கடைசி வரி என்னுடையது.